வட்டத்துக்குள் ஒரு வட்டம்

குளத்துத் தண்ணீரை நொடிக்கு நொடி அளக்கும் செண்பகவல்லிக்கு அன்று கணக்கு உதைத்தது. குளத்துக்குள் பதித்த சென்சார்களை வைத்து, கம்ப்யூட்டர் திரையில் பெட்டிக்குப் பெட்டி வயர் போலக் கோடு இழுத்து அவளே கட்டிய நிரல்தான் அளக்கிறது. தண்ணீரில் யார் இறங்கினாலும் உடம்பைச் சுற்றித் திரையில் ஒரு வட்டக் கோடு வரைந்து, அந்த அளவைத் தண்ணீர்க் கணக்கிலிருந்து கழித்துவிடும். ஓர் ஆளுக்கு ஒரு வட்டம். ஆனால் குளிக்க இறங்கிய அக்கா கோமதியின் வட்டத்துக்குள் நெல்லிக்காய் அளவில் இன்னொரு வட்டம் தெரிந்தது.

ஒரே வயரை இரண்டு பெட்டியில் சொருகிவிட்டோமோ என்று எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி மாட்டினாள். சின்ன வட்டம் போகவில்லை.

குளத்தங்கரை ஸ்பீக்கரில் கூப்பிட்டாள். “எக்கா, தண்ணிக்குள்ள உங்கூட யாரு நிக்கா?”

“யாருமில்லட்டி. ஒத்தையிலல்லா குளிக்கேன். ஏன் கேக்க?”

கல்யாணமாகி இத்தனை வருஷமாக ஒரு பிள்ளைக்காக ஆஸ்பத்திரி, கோயில் என்று ஏறி இறங்காத படியில்லை அக்காவுக்கு.

செண்பகவல்லி சின்ன வட்டத்தின் பரப்பளவுப் பெட்டியைப் பார்த்தாள். அதற்குள்ளிருந்த எண் கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து, விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. அவள் மறுபடி ஸ்பீக்கரை அழுத்தினாள்.

“ஒண்ணுமில்லக்கா,” என்றாள். “பாத்து, மெதுவா ஏறி வா. படியெல்லாம் பாசி.”