பக்கத்துக் கல்லறையில் வேர்

கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள். மழை விட்ட மஞ்சள் வெயில் மலேசியாவின் ஈப்போ நகரக் கல்லறைத் தோட்டத்தில் சாய்ந்து கிடக்கிறது. எட்டு மாதக் குழந்தையாகவே போய்விட்ட மகளின் கல்லறை மேட்டில் நட்ட ஐரிஸ் பூச்செடியின் பழுத்த இலைகளை டொமினிக் கத்தரிக்கிறான். ஒரு பூத்தண்டு மட்டும் வளைந்து பக்கத்துக் கல்லறையைத் தொட்டு, நுனியில் குட்டிச்செடியாய் வேர் பிடித்திருக்கிறது. “நாளைக்கு அந்தக் கல்லறைக்காரங்க வந்து பிடுங்கிருவாங்க, பெட்ரீசியா. போன வருசமும் அப்படித்தானே? இப்பவே வெட்டி நம்ம தொட்டியில வச்சா பொழைச்சுக்கும்லா.” மனைவி பெட்ரீசியா இரு கைகளாலும் தண்டைப் பொத்திக்கொள்கிறாள். “பிரிக்காதீங்க. அது கைக்குழந்தை.” கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை அந்தக் குட்டிச்செடிக்கே ஊற்றுகிறான்.