கையெழுத்துக்குக் கீழே

ஆர்மீனியாவின் கியூம்ரி நகரில் மழை விட்ட பிற்பகல். சமையலறை மேசையில் ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் நூனே முப்பது வருடப் பழங்கடிதத்தை விரித்து, எழுத்து எழுத்தாக விரலை நகர்த்துகிறாள். ஆர்மீனியப் பெண்தான்; ஆனால் அண்டை நாட்டுப் பாகூவில் ரஷ்யப் பள்ளியில் படித்துவிட்டு இங்கே வாழ்க்கைப்பட்டவள். ஆர்மீனிய எழுத்துகள் முப்பத்தொன்பதையும் இந்தக் குளிர்காலத்தில்தான் முதல் வகுப்புப் புத்தகம் வாங்கிக் கற்றாள். கணவன் கேகாம், போர்முனையிலிருந்துகூட ரஷ்ய மொழியில் எழுத மாட்டேன் என்று அடம்பிடித்தவன். அவன் கடிதங்களை அன்று வாசித்துக் காட்டிய எதிர்வீட்டு ஹெர்மினே இப்போதும் எதிரே அமர்ந்து, கவிழ்த்த காப்பிக் கோப்பையை நிமிர்த்திக் கசடில் குறி பார்க்கிறாள். "பயணம் ஒண்ணு தெரியுதுடி." நூனேயின் விரல் கேகாமின் கையெழுத்துக்குக் கீழே, இதுவரை கேட்டிராத வரிகளில் நின்றுவிடுகிறது. 'ஹெர்மினே அக்கா, இதுக்குமேல வாசிக்காதீங்க. அவளே வாசிக்கட்டும்.'

"அக்கா, இதைச் சொல்லவே இல்லையே."

"வாசிக்காதேன்னான், வாசிக்கல. நீ ஒரு மாசத்துல கத்துக்குவேன்னு இருந்தேன். அதுக்குள்ள அவன் செத்த சேதி வந்துருச்சு. அப்புறம் எந்த வாயால சொல்ல?"

கோப்பை தட்டில் உட்காரும் சத்தம். கூரையிலிருந்து மிச்ச நீர் சொட்டுகிறது. நூனே உதடசைத்து மீதியைக் கூட்டி வாசிக்கிறாள். 'எழுதப் படிக்கத் தெரியாத ரஷ்யக்காரின்னு உன்னைத் திட்டிட்டு வந்துட்டேன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை எழுது. எந்த எழுத்துல எழுதினாலும் சரி.'

அந்தக் கடிதத்துக்கு அவள் அனுப்பிய பதில் நினைவிருக்கிறது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி.