நாக்குக்கு அடியில்

ரொட்டியைக் கடித்த முதல் கடியிலேயே ஹசிந்தாவின் பல்லில் அது தட்டுப்பட்டது.

சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மை. குழந்தை இயேசு.

யாரும் பார்க்கவில்லை. மெல்லப் புரட்டி நாக்குக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல சூடான சாக்லேட்டை ஒரு வாய் குடித்தாள்.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று வட்ட ரொட்டி வெட்டும்போது, பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவர் மாட்டிக்கொண்டார். பிப்ரவரி இரண்டாம் தேதி காணிக்கைத் திருநாளுக்கு, சோளமாவில் தமாலே அவித்து எடுத்துக்கொண்டு அவர் இதே வீட்டுக்கு வந்தாக வேண்டும். சாக்குப்போக்கெல்லாம் செல்லாது. பொம்மை என்றாலும் சாமி சாமிதான்.

தமாலே அவிப்பது ஹசிந்தாவுக்குப் பெரிய வேலையில்லை. பதினாறு வயதுக்கு அவள் கைப்பக்குவம் நன்றாகவே இருக்கும். ஆனால் இரண்டாம் தேதி அவள் இந்த ஊரிலேயே இருக்க மாட்டாள். வரும் வியாழக்கிழமை பஸ் ஏறுகிறாள். மொன்தெர்ரே நகரத்தில் சித்தி வீட்டில் தங்கி முடி அலங்காரம் படிக்கப் போகிறாள். பிப்ரவரி முதல் தேதி வகுப்பு ஆரம்பம்.

வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும், ரெனாட்டாவைத் தவிர.

ரெனாட்டாவுக்கு ஐந்து வயது. அவள் அம்மா கிராசியேலா வேலை முடிந்து வரும் வரை அவளைப் பார்த்துக்கொள்வது, வேலைக்கு வந்து வீட்டோடு தங்கியிருக்கும் ஹசிந்தாதான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, சண்டை போடுவது, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது, பிறகு ஒரே போர்வைக்குள் சமாதானமாவது.

“சொன்னா வீட்டையே ரெண்டாக்கிடுவா. நீ பாட்டுக்குக் கிளம்பு, அப்புறம் நான் பார்த்துக்கறேன்,” என்று கிராசியேலா முடிவாகச் சொல்லிவிட்டாள். அன்று முதல் பெரியவர்கள் குழந்தை எதிரில் அதை ‘வியாழக்கிழமை விஷயம்’ என்றே பேசிக்கொண்டார்கள். தங்கள் சாமர்த்தியத்தை நினைத்து அவர்களுக்கே பெருமையாக இருந்தது.

சொல்லாமல் போவதில் ஹசிந்தாவுக்கு வருத்தம்தான். கூடவே கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் வெட்கமாக இருந்தது.

அதுவும் இன்றைக்குப் பார்த்து அந்தக் குட்டி இப்படிப் பாசத்தைக் கொட்டியிருக்க வேண்டாம். “சிந்தாவுக்கு நான்தான் வெட்டுவேன்” என்று அடம்பிடித்து, கத்தியை இரண்டு கையாலும் அழுத்தி, அத்திப்பழம் பதித்த இடமாகப் பார்த்து வெட்டித் தந்தாள். எனக்கு அத்திப்பழம் பிடிக்கும் என்று ஞாபகம் வைத்திருக்கிறாளே என்று ஹசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடுதான் கடித்தாள்.

ரொட்டி தீர்ந்துபோனது. பொம்மையைக் காணோம்.

“பேக்கரிக்காரன் ஏமாத்திட்டான்,” என்றார் கிராசியேலாவின் தம்பி ஃபாவுஸ்தோ.

“அவன் எங்க ஏமாத்தினான்? மூணு துண்டு உள்ள தள்ளினியே, ஒண்ணையாவது மென்னியா?” என்றாள் கிராசியேலா.

“வேணும்னா எக்ஸ்ரே எடுத்துப் பாரு!”

எல்லாரும் சிரித்தார்கள். ஹசிந்தா உதட்டைத் திறக்காமல் சிரித்தாள்.

“பாவம், ஊருக்குப் போறத நினைச்சு அவளுக்குப் பேச்சே வரல,” என்று கிராசியேலா தம்பியிடம் கிசுகிசுத்தாள். ரெனாட்டா பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும், “அதான், வியாழக்கிழமை விஷயம்,” என்று திருத்திக்கொண்டாள்.

ஏரோது மன்னனின் ஆட்கள் கண்ணில் படாமல் குழந்தையை ஒளித்து வைத்ததன் நினைவாகத்தான் ரொட்டிக்குள் பொம்மையை வைக்கிறார்கள். அப்படிப் பார்த்தால், அன்று அந்த வீட்டில் திருநாளை முறைப்படி கொண்டாடியவள் ஹசிந்தா ஒருத்திதான்.

காலிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். துப்பிவிட்டால் தீர்ந்தது.

பின்னாலேயே ரெனாட்டா வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அவள் முகத்துக்கு நேரே நின்றாள்.

“வாயைத் திற. ஆ காட்டு.”

அது ஹசிந்தாவின் வசனம். தினமும் சாயந்திரம் ரெனாட்டாவுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்ததும் அவள் சொல்வது. மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, பிறகு பூந்தொட்டியில் துப்பிவிடுகிற பிள்ளை இது.

ஹசிந்தா வாயைத் திறந்து காட்டினாள். பல்லும் நாக்கும்தான் தெரிந்தன.

“நாக்கைத் தூக்கு.”

இனி தப்பிக்க முடியாது. சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே. நாக்கைத் தூக்கினாள்.

ரெனாட்டா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. வைத்த சாமான் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது போலப் பார்த்தாள்.

“வெட்டறதுக்கு முன்னாடியே ரொட்டியைத் தூக்கி அடியில பார்த்தேன். அத்திப்பழத்துக்குக் கீழ காலு தெரிஞ்சுது.”

ஹசிந்தா நாக்கை மட்டும் இறக்கினாள்.

“வியாழக்கிழமை போ, சிந்தா. நான் அழமாட்டேன்.” சொல்லும்போதே அவள் கீழுதடு துடித்தது. “ஆனா தமாலே எடுத்துக்கிட்டு வந்துடணும். பொம்மை கிடைச்சவங்க வந்தே ஆகணும்.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். முதல் தேதி வகுப்பு என்று சொல்லியிருக்கலாம். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வர வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். நாக்குக்கு அடியில் சாமியை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

“ம்,” என்றாள்.

“சரி, வாயை மூடிக்கோ.”

ரெனாட்டா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலிலிருந்து குதித்துக் கூடத்துக்கு ஓடினாள். அவள் கத்தியது சமையலறை வரை கேட்டது.

“ஃபாவுஸ்தோ மாமாதான் முழுங்கிட்டாரு! நான் பார்த்தேன்!”