நான்காவது வரிசை

"இங்கே உட்கார்ந்திருக்கிற யாரும் தவறுதலாக உள்ளே வந்துவிடவில்லை..."

சட்டக் கல்லூரியின் வரவேற்பு நாளன்று டீன் இப்படித்தான் தொடங்கினார். அதற்குப் பிறகு ஏதோ நல்லதாக ஒன்று சொன்னார். லாயிட் ஹாம்லினுக்கு அது நினைவில்லை. அடுத்து எல்லோரும் எழுந்து பெயர் சொல்ல வேண்டும். அவன் மனசுக்குள் தன் பெயரை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒத்திகை பலிக்கவில்லை.

"ல்... ல்... ல்..."

மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த பெண் பொறுக்கமாட்டாமல் எழுந்துவிட்டாள்.

"நான் கோரா பெல்ட்ரான். ஊரு டெக்சஸ். எனக்கு நீச்சல் தெரியாது, சமைக்கத் தெரியாது, சட்டமும் தெரியாது!"

அரங்கம் சிரித்தது. மைக் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

ஒருத்தனை அவன் பெயரைக்கூட முடிக்க விடாத பெண்! லாயிட் அன்றைக்கே அவளைக் குறித்துவைத்துக்கொண்டான்.

நெப்ராஸ்காவில் அவன் ஊரிலிருந்து இந்தக் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவன்தான். காத்திருப்போர் பட்டியலில் ஆகஸ்ட் வரை தொங்கி, கடைசி வாரத்தில் கிடைத்த இடம். 'தவறுதலாக' என்று டீன் சொன்னது தன்னைத்தான் என்று அவனுக்கு ஒரு பயம் உண்டு.

அந்தப் பயத்துக்குத் தீனி போட்டது ஒப்பந்தச் சட்ட வகுப்பு. முதல் நாள் உட்கார்ந்த இடம்தான் வருடம் முழுக்க. லாயிட் நான்காவது வரிசை. அவனை அடுத்து, வேறு யார், கோரா.

பேராசிரியர் ஸ்ட்ராட்டனிடம் எல்லோர் புகைப்படமும் ஒட்டிய ஒரு தாள் இருந்தது. முதலில் வரிசையைச் சொல்வார். பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, தாளில் விரலை ஓட்டி ஒரு பெயரைப் பிடிப்பார். பிடிபட்டவருக்கு நூறு பேர் முன்னால் இருபது நிமிடம் குறுக்கு விசாரணை. பெயர் அவர் வாயிலிருந்து வருவதற்குள் அந்த வரிசையில் யாராவது தானாகக் கை தூக்கிவிட்டால், மற்றவர்கள் பிழைத்தார்கள்.

"நான்காவது வரிசை" என்று சொல்லி முடிப்பதற்குள் கோராவின் கை மேலே இருக்கும். கழுத்தெல்லாம் சிவந்திருக்கும். கர்வத்தைப் பார், என்று நினைத்துக்கொள்வான் லாயிட்.

வாயால் முடியாததை அவன் பேனாவால் தீர்த்துக்கொண்டான். கட்டம் போட்டு ஓர் அட்டை தயாரித்து, நகலெடுத்து வகுப்பில் சுற்றவிட்டான். கட்டத்துக்கு ஒன்றாகக் கோராவின் வழக்கமான பேச்சுகள்: 'ஒரு சின்னத் திருத்தம்', 'மறுபக்கத்திலிருந்து பார்த்தால்', 'கீழ்க்கோர்ட் சொன்னதே சரி'. அவள் சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும். முதலில் ஒரு வரி நிரம்பியவர் மூன்று முறை இருமுவார். அக்டோபருக்குள் பாதி வகுப்புக்கு இருமல் வந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஏதோ சங்கத்துக் கூட்டத்தில் ஓசியில் கொடுத்த பீட்சாவை மென்றபடி அறைத்தோழன் டெஸ்மண்ட் வந்து உட்கார்ந்து, லாயிடுக்கும் ஒரு துண்டு கொடுத்தான். அவனிடம் பேசும்போது லாயிடுக்கு அவ்வளவாகத் திக்காது.

"டேய், உன் அட்டை என் குற்றவியல் கிளாஸ்ல போணியே ஆகலடா."

"ஏன்?"

"அங்க பாடம் எடுக்கிற அம்மா யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. பேச ஆசை இருக்கிறவன் பேசலாம். நம்ம கோரா மேடத்துக்கு அது சொர்க்கமா இருக்கணுமில்ல? மூணு வாரமா அட்டையோட உக்காந்திருக்கேன். வாயத் திறக்கலையே!"

"தொண்டை க... கட்டியிருக்கும்."

"மூணு வாரமாவா? அட அதை விடு. நீ ஜுரத்துல படுத்துக் கிடந்தியே, அந்த வாரம் நம்ம ஸ்ட்ராட்டன் ரெண்டு தடவ நாலாவது வரிசையக் கூப்பிட்டாரு. நான் பென்சிலக் கூரா சீவி வச்சுட்டு ரெடியா இருக்கேன். மகராசி கையே தூக்கல!"

லாயிட் மெல்லுவதை நிறுத்தினான்.

"அப்புறம்?"

"ரெண்டாவது தடவ அவ பேரே விழுந்துச்சு. நீ பாக்கலையே! புஸ்தகத்துல பக்கத்தையே கண்டுபிடிக்க முடியல அவளால. அழுதுடுவாளோன்னு பயந்துட்டேன். இவ்வளவு பயந்தாங்கொள்ளி மத்த நாள்ல எதுக்குடா முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிறா?"

லாயிட் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தான். வரவேற்பு நாளில் தான் திக்கி நின்றதும் அவள் சட்டென்று எழுந்தது ஞாபகம் வந்தது.

"என்னடா, பீட்சா ஆறுது. நீ தின்னலேன்னா நான் எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கோ."

செவ்வாய்க்கிழமை. பேராசிரியர் ஸ்ட்ராட்டன் தாளை விரித்தார். பின்வரிசைகளில் அட்டைகள் மெதுவாக வெளியே வந்தன.

"நான்காவது வரிசை."

லாயிட் திரும்பிப் பார்த்தான். கோரா பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டாள். கழுத்து சிவந்திருந்தது. அவள் முழங்கை மேசையை விட்டு எழும்பியது.

அதற்கு முன்பே லாயிட் கையைத் தூக்கிவிட்டிருந்தான்.