எதிர்க்கடை பிரியாணி

கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் குவிந்திருந்த நேரத்தில் முதலாளி லாசரை அம்போவென்று விட்டுப் போன சமையல்காரன் ஜெயபாண்டி, செல்லூரில் அவர் கடைக்கு எதிரிலேயே பிரியாணிக்கடை திறந்துவிட்டான். முதல் நாளே கூட்டம் அள்ளியது.

"லாசர் கடை பிரியாணியெல்லாம் இதுக்கிட்ட நிக்க முடியாதுப்பா!" என்றார் சாப்பிட்டு முடித்த ஒருவர். "இன்னைக்கு அவரு கடையவே தொறக்கல. ஒனக்குப் பயந்துட்டாரோ?"

ஜெயபாண்டி கூனிக் குறுகினான். "அப்படிச் சொல்லாதீங்கண்ணே. காலையில கொதிதண்ணி கொட்டி என் கை வெந்துபோச்சு. சேதி கேட்டதும்..."

அதற்குள் அடுப்படியிலிருந்து, கையில் கரண்டியோடு, வியர்த்து வழிய வெளியே வந்தார் லாசர்.

"ஆமா, நான்தான் சமைச்சேன். ஏசப்பா சொன்னபடி இவன மன்னிச்சுட்டேன்" என்றவர், சாப்பிட்டவரை முறைத்தார். "என் கடை பிரியாணி இதுக்கிட்ட நிக்காதுன்னீங்களே, ஒங்களத்தான் எப்படி மன்னிக்கிறதுன்னு தெரியல!"