நொறுங்கத் தின்றால்

"தொண்டையில சாப்பாடு நிக்குதான்னு கேட்டா, இல்லேங்குது குழந்தை. நான் கண்ணால பார்க்கணும். என் எதிர்ல சாப்பிடச் சொல்லுங்க" என்றார் டாக்டர் ஜஹீதா.

வெங்கடரமணன் பையிலிருந்து இட்லி டப்பாவை எடுத்தார்.

மயிலாப்பூரில் பிறந்து, ஏழு வயது வரை தயிர்சாதத்தைத் தொடாத பெண் அவர் மகள் ஹம்சினி ஒருத்தியாகத்தான் இருப்பாள். பால் பட்டாலே உதடு வீங்கும், மூச்சு இரைக்கும். பஸ் பிடித்து வாராவாரம் அடையாறு வந்து, ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று பழக்கி, ஆறு மாதத்தில் அரை டம்ளருக்கு வந்திருந்தாள்.

இந்த வைத்தியத்தில் சில குழந்தைகளுக்கு உணவுக்குழாய் வீங்குமாம். அதனால் போன வாரம் மயக்க மருந்து கொடுத்து, தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். "தூங்கி எழுந்தா முடிஞ்சுடும்" என்று மகளுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, அவர்தான் வராந்தாவில் நடுங்கிக்கொண்டிருந்தார். வீக்கம் இருந்தால் பாலும் போச்சு, தயிர்சாதமும் போச்சு. லேபிலிருந்து வந்த கவர் மேஜைமேல் பிரிக்காமல் கிடந்தது.

டப்பாவைத் திறந்ததும் ஹம்சினி இரண்டு இட்லியை மளமளவென்று உள்ளே தள்ளினாள்.

"நீங்களும் சாப்பிடுங்க சார், துணைக்கு."

அவர் ஒரு விள்ளலை நன்றாக மென்று, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். அடுத்த விள்ளல், அடுத்த மடக்கு. டாக்டரின் முகம் சுருங்கியதைக் கண்டு மகளுக்காகப் பரிந்துகொண்டு வந்தார்.

"கொழந்தை கொஞ்சம் அவசரக்காரி, டாக்டர். எங்காத்துல மத்தவா எல்லாம் நிதானம். நொறுங்கத் தின்றால் நூறு வயசுன்னு அப்பா சொல்லிண்டே இருப்பார்."

"அவரும் தண்ணியோடதான் முழுங்குவாரா?"

"சொம்பு இல்லாம எலையில உக்கார மாட்டார். வம்ச வழக்கம்."

டாக்டர் கவரைப் பிரித்துப் படித்தார். "வீக்கமே இல்ல. இன்னைக்கே ஒரு ஸ்பூன் தயிர்சாதம் குடுங்க."

வெங்கடரமணனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஆனா நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வரணும். குழாய் விட்டுப் பார்க்கணும்."

"கொழந்தைக்கு மறுபடியுமா?"

"குழந்தைக்கு இல்ல சார். தண்ணி இல்லாம ஒரு விள்ளல்கூட இறங்காத உங்களுக்கு. வீக்கம் அங்கதான் இருக்கும்போல."

ஹம்சினி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதேப்பா. தூங்கி எழுந்தா முடிஞ்சுடும்."