முதல் இரண்டு வாரம்

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளைப் பலகையில் எட்டு வாரங்களைக் கோடு போட்டுப் பிரித்திருந்தாள். முதல் இரண்டு வாரம், மில் விடுதியில் தங்கி வேலை செய்யும் பன்னிரண்டு பெண்களோடு பேசுவது. அடுத்த இரண்டில் செயலியின் திரைகளைக் காகிதத்தில் வரைவது. பிறகு அதை அந்தப் பெண்கள் கையிலேயே கொடுத்துப் பார்ப்பது. விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே திருத்துவது. அதற்கப்புறம்தான் செய்யத் தொடங்குவது.

ஒன்பது வருடமாகச் செயலி வடிவமைக்கும் தொழிலில் இருக்கிறாள். முதல் இரண்டு வாரத்தை ஒரு வாடிக்கையாளரும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டதில்லை. அளவெடுக்காமல் சட்டை தைக்கச் சொல்கிற ஆட்கள்.

நாச்சிமுத்து அப்படியில்லை. மில்லின் ஹெச்.ஆர். அதிகாரி. ஐம்பதைத் தாண்டியவர்.

"ரெண்டு வாரம் பத்துமுங்களா மேடம்?" என்று கேட்டார்.

விடுதியில் நானூறு பெண்கள். சாப்பாடு, தண்ணீர், ஷிப்ட், சூப்பர்வைசரின் கை. எதுவானாலும் அவர்கள் போனிலிருந்தே புகார் சொல்லலாம். அதற்குத்தான் செயலி.

"முன்னால ஒரு பொட்டி வெச்சிருந்தமுங்க. கையெழுத்த வெச்சுக் கண்டுபுடிச்சிருவாங்கன்னு பயந்துட்டு ஒருத்தரும் எழுதிப் போடறதில்லீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சும்மாவா பயந்திருப்பார்கள்? ஒரு கையெழுத்தாவது கண்டுபிடிக்கப்பட்டிருக்கும்.

அவள் கேட்கவில்லை. இருந்த வேலையை விட்டுவிட்டு, பேக்கரி மாடியில் இந்த அறையைப் பிடித்த பிறகு வந்த முதல் பெரிய வேலை இது. கைக்கு வந்ததைக் கேள்வி கேட்டே தொலைத்துவிடக் கூடாது.

பெண்களிடம் கேட்கப்போகும் கேள்விகளின் தாளை நீட்டினாள். முதல் கேள்வியை அவர் வாய்விட்டுப் படித்தார்.

'சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்ட புகார் எது?'

இன்னொரு முறை, மனதுக்குள் படித்தார்.

"உங்ககிட்டச் சொல்லுவாங்க," என்றார். "எங்ககிட்டத்தான் வாயே தொறக்க மாட்டீங்கறாங்க."

பேசுவதை ரெக்கார்ட் செய்வீர்களா என்று கேட்டார். யார் எந்த அறை என்று குறித்துக்கொள்வீர்களா. ரெக்கார்ட் மில்லுக்கு வந்துவிடும்தானே.

வந்துவிடும். அவளே திட்டத்தில் எழுதியிருந்தாள். 'நேர்காணல் பதிவுகள் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்படும்.' ஒவ்வொரு திட்டத்திலும் கை தானாக எழுதிவிடுகிற வரி. இத்தனை வருடத்தில் ஒருவரும் அதைப் படித்ததில்லை.

இவர் அதன் அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தார்.

"செயலி எந்த மாசம் கைக்கு வேணும் சார்?" மெதுவாகத் தூண்டில் போட்டாள்.

"அது கெடக்குதுங்க. மொதல்ல இந்த ரெண்டு வாரத்த முடிச்சுக் குடுங்க. மிச்சத்த அப்பறம் பாத்துக்கலாம்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

செயலி வரப்போவதே இல்லை. பன்னிரண்டு பெண்களின் குரல்தான் இவர்களுக்கு வேண்டும். பெட்டியில் விழாததை அவள் அக்கா தங்கையாகப் பேசிக் கறந்து கொடுக்க வேண்டும். அடுத்த மாதம் அந்தப் பன்னிரண்டு பேரும் துணிப்பையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பார்கள்.

கோபம் வந்தது. பாதி அவர் மேல். பாதி, அந்த வரியை எழுதிய தன் மேல்.

பலகைக்குப் போனாள். முதல் கட்டத்தில் 'பெண்கள்' என்றிருந்ததைத் துடைத்தாள். 'நிர்வாகம்' என்று எழுதினாள்.

"புகார் சொல்றவங்க மட்டும் இதுக்குப் பயனர் இல்ல சார். கேக்கறவங்களும்தான். அவங்ககிட்ட இருந்து ஆரம்பிக்கறதுதான் சரி. இன்னைக்கே, உங்ககிட்ட இருந்தே."

போனை மேசை நடுவில் வைத்து ஒலிப்பதிவை அழுத்தினாள்.

"உங்க காதுக்கு வந்தும், நீங்க முதலாளிகிட்டக் கொண்டுபோகாம விட்ட புகார் எது?"

இப்போது எழுந்து போய்விடுவார். வேலையும் அவரோடு படியிறங்கிப் போகும். போகட்டும்.

அவர் எழவில்லை.

போனில் விநாடிகள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வியர்வை இறங்கியது. ஒரு முறை திரும்பி, திறந்திருந்த கதவைப் பார்த்தார். வெளியே படிக்கட்டில், மில் கார் டிரைவர் கைப்பிடியில் சாய்ந்து நின்றிருந்தான்.

அவர் ஒரு விரலால் அவளுடைய போனைக் காட்டினார்.

இதில் என்ன தந்திரம் இருக்கிறதோ. யோசித்தாள். பிறகு ஒலிப்பதிவை அணைத்தாள்.

அவர் சட்டைப் பையில் கைவிட்டுத் தன் போனை எடுத்தார். அதிலும் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரம், ஏழு நிமிடம். அவர் படியேறி வந்ததிலிருந்து.

"மொதலாளி போட்டுக் கேப்பாருங்க," என்று அதை நிறுத்தினார். அவளுடைய போனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நான் சொல்றதுல எம் பேரு வராதுங்களே?"

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.